சோளம் விழும் திசை

தார்ப்பாயில் ஒரு மணி சோளம்கூட இல்லை.

சுதர்சன் தலையில் துண்டோடு கொல்லைப்புறத்தில் நின்று, விரித்தது விரித்தபடி பளிச்சென்று கிடந்த அந்த நீலத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்திரம் ஓடியது உண்மை. குளித்துக்கொண்டிருக்கும்போதே 'விர்ர்ர்' என்ற சத்தம் காதில் விழுந்தது. பீப்பாயைத் திறந்து பார்த்தான். நேற்று நிரப்பியதில் கொஞ்சம் குறைந்தும் இருந்தது. அப்படியென்றால் போன சோளம் எங்கே போனது?

பதில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"ஹலோ! எக்ஸ்கியூஸ் மீ! வாட் இஸ் திஸ் நான்சென்ஸ்?"

வேலிக்கு மேலே ஒரு கம்பளித் தொப்பி எழும்பியது. அதற்குக் கீழே பக்கத்து வீட்டுப் பெரியவரின் முகம். ஏதோ நாற்காலியில் ஏறி நிற்கிறார் போலிருந்தது. நீட்டிய உள்ளங்கையில் ஒரு பிடி மக்காச்சோளம்.

"ஆன் மை சில்லி பிளான்ட்ஸ்! ஆன் மை ஹெட் ஆல்சோ!"

"சாரி சார், வெரி சாரி, தி விண்ட்..."

"விண்டாம் விண்ட்," என்று பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தார். "விசர்ப் பொடியன்."

பைத்தியக்காரப் பையன் என்கிறார் என்பது சுதர்சனுக்குப் புரிந்தது. தலையிலிருந்த துண்டை எடுத்தான்.

"சார், நான் தமிழ்தான்."

தொப்பி மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது.

"தமிழோ? பிறகேன் ரெண்டு வருசமா எனக்கு குட்மோர்னிங் சொன்னனீர்?"

"நீங்கதான் சார் முதல்ல சொன்னீங்க."

வெரிபீ புறநகரில் அந்தப் புதுக் குடியிருப்பின் லட்சணம் அப்படி. வெறும் வயலாகக் கிடந்த நிலத்தில் ஒரே அச்சில் வார்த்த வீடுகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். காலையில் கராஜ் கதவு ஏறும், கார் போகும், கதவு இறங்கும். மாலையில் இதே கதை தலைகீழாக நடக்கும். குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வரும் அன்றுதான் மனித முகம் தெரியும். சுதர்சன் அவரை ஃபிஜிக்காரர் என்று நினைத்திருந்தான். அவர் சுதர்சனைக் குஜராத்தி என்று முடிவு கட்டியிருந்தார். இரண்டு தமிழர்கள், ஒரு வேலிக்கு இரண்டு பக்கமும், குப்பைத் தொட்டியைப் பிடித்தபடி இரண்டு வருடம் இங்கிலீஷில் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, வாரும். வந்து கூட்டிப்போட்டுப் போம்," என்றார் பெரியவர். தொப்பி இறங்கி மறைந்தது.

பெயர் சிவபாலன். யாழ்ப்பாணத்துக்காரர். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சுதர்சன் துடைப்பத்தோடு போய் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்க, அவர் காய் பறிக்கும் கொக்கத்தடியின் கொக்கி நுனியால் சுட்டிக்காட்டியபடி பின்னாலேயே நின்று, "அங்க ஒண்டு கிடக்கு... அங்காலயும் கிடக்கு," என்று மேற்பார்வை செய்தார். பொறுக்கி முடித்ததும் பொறுக்கியதை ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு அவன் கையில் கொடுத்தார்.

"சாப்பாட்டுச் சாமான். எறியக் கூடாது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

சமையலறை மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த கைபேசி விழித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெண்மணியின் நெற்றியும் நிறையக் கூரையும் தெரிந்தன.

"என்ர மனிசி தவநாயகி. சிட்னியில, வென்ட்வேர்த்வில்லில மகளோட நிக்கிறா. பிள்ளைப்பேறு பார்க்கப் போனவ. பிள்ளை இப்ப ஓடித் திரியுது, இவ இன்னும் வந்தபாடில்லை."

"வணக்கம் தம்பி," என்றது நெற்றி.

அந்த அழைப்பு துண்டிக்கப்படுவதே இல்லை என்பது சுதர்சனுக்குப் பிறகு தெரிந்தது. காலையில் கண் விழித்ததும் சிவபாலன் கைபேசியை எடுப்பார். அங்கே அவர் மனைவி சமைப்பார், துணி மடிப்பார், பேரப்பிள்ளைக்கு ஊட்டுவார். இவர் இங்கே கைபேசியை வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிவார். பாதி நேரம் இரண்டு பேரும் பேசுவதுகூட இல்லை.

"நீங்களும் சிட்னிக்கே போயிடலாமே அங்கிள்?"

"அங்க ரெண்டே ரெண்டு அறை. நான் ஹோலிலதான் படுக்க வேணும். நான் குறட்டை விட்டா பிள்ளை எழும்பியிடும் எண்டு மருமகன் சொன்னவர். நல்ல பொடியன், மரியாதையாத்தான் சொன்னவர்." அவர் தேநீரை ஆற்றினார். "அது இருக்கட்டும், உது என்ன மெசின்?"

சுதர்சன் சொன்னான். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்பது அவனுக்கே உறைத்தது.

அவனுக்கு வேலை ஒரு தண்ணீர் பம்ப் கம்பெனியில். பம்ப் விற்பனைக்குப் போகுமுன் அதை ஓட்டி, வருத்தி, எங்கே கெட்டுப்போகும் என்று கண்டுபிடிப்பது அவன் உத்தியோகம். ஆறு வருடமாக அங்கே இருக்கிறான். எல்லோரும் அவன் பெயரைச் சுருக்கி 'சட்' என்று அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை வந்தால் அந்த அன்பு ஒரு வண்டியில் ஏறி எங்கோ போய்விடும், இவன் தனியாக ரயில் பிடிப்பான். ஹரிப்பிரியாவோடு விவாகரத்து ஆனபின் நாலு படுக்கையறை வீட்டில் மூன்று அறைகளை அவன் திறப்பதுகூட இல்லை. தனிமை என்றால் தனிமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

அப்படிப்பட்டவனிடம் மேலாளர் கிரெய்க் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார்.

கிரெய்க்கும் அலுவலகத்து டேவும் இன்னும் சிலரும் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மான் வேட்டைக்குப் போவார்கள். மான்ஸ்ஃபீல்ட் பக்கம் கிரெய்க்கின் மாமனாருக்குப் பண்ணை இருக்கிறது. மலைக்காட்டிலிருந்து மான்கள் இறங்கி வந்து பழ மரங்களைக் கடித்துக் குதறுகின்றன. போன வருடம் சோளம் இறைக்கும் ஃபீடர் ஒன்றை மாட்டி வைத்தார்களாம். அது நாலா பக்கமும் இறைத்துத் தொலைத்ததில், மான் வந்து சரியாக கிரெய்க்குக்கும் டேவுக்கும் நடுவில் நின்று நிதானமாகத் தின்றது. இவர் சுட்டால் அவர் போவார், அவர் சுட்டால் இவர் போவார். மான் தின்று முடித்துவிட்டுத் தானாகப் போயிற்று.

"ஒரே திசையில் மட்டும் இறைக்கிற ஃபீடர் வேண்டும், சட். மலைப் பக்கமாக மட்டும் விழ வேண்டும். கடையில் நூறு வகை இருக்கிறது. நம்பகமானது எது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஒன்றைத் தேர்ந்தெடு, சோதித்துப் பார், எடுத்துக்கொண்டு நீயும் எங்களோடு வா."

சுதர்சன் பரம்பரைச் சைவம். கொசு கடித்தால் ஊதி விடுகிறவன். ஆனால் அவன் காதில் அந்தப் பேச்சின் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

"நோ வொரீஸ்," என்றான்.

அன்றிரவே மடிக்கணினியைத் திறந்தான். மேலே பீப்பாய், கீழே மோட்டார், மோட்டாரில் சுழலும் ஒரு தட்டு, தட்டைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்த தகரக் கவசம். இவ்வளவுதான் விஷயம். இதற்குள் எத்தனை உட்பிரிவு! ஈரம் பட்டால் சோளம் அடைத்துக்கொள்ளுமா, பேட்டரி எத்தனை நாள் நிற்கும், தகரமா பிளாஸ்டிக்கா, மணிக்கூடு தப்பாமல் ஓடுமா. எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து ஒன்றை வரவழைத்தான். கொல்லையில் முக்காலி நட்டு அதில் சங்கிலியால் தொங்கவிட்டான். வாயைத் தார்ப்பாய்ப் பக்கம் திருப்பி வைத்து, காலை ஏழு மணிக்கு ஓடும்படி திருகி வைத்துவிட்டுத் தூங்கினான். தார்ப்பாய்தான் மலை. அந்த மலையில்தான் ஒரு மணியும் விழவில்லை.

"காத்துதான்," என்று சிவபாலன் தீர்ப்புச் சொன்னார். "சங்கிலியில தொங்கிறதெண்டா காத்துக்குத் திரும்பும்தானே."

மறுநாள் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான். காலையில் கயிறு நெகிழ்ந்து தொங்கியது. எந்திரத்தின் வாய் மிளகாய்ச் செடிகளைப் பார்த்தது. கம்பளித் தொப்பி வேலிக்கு மேலே எழுந்தது.

"தம்பி! திரும்பவும் வந்திட்டுது!"

சுதர்சன் துடைப்பத்தோடு ஓடினான். போகும்போது அந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவன் வீட்டிலும் இல்லை, அவர் வீட்டிலும் இல்லை. எலுமிச்சை சாதம் கிளறி அதில் வைத்துக் கொண்டுபோனான். பொறுக்கி முடிந்ததும் சிவபாலன் டப்பாவைக் கழுவி, அதில் சோளத்தைப் போட்டு, சோளத்தின்மேல் ஒரு பொட்டலம் உளுந்து வடையையும் வைத்துத் தந்தார். இனி அந்த டப்பா நிற்காது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் டப்பா தயிர் சாதத்தோடு போய்ப் புட்டோடு வந்தது. சோளமும் தவறாமல் போய்த் தவறாமல் வந்தது.

சுதர்சன் பொறியாளன் இல்லையா, சும்மா இருக்க முடியுமா? தட்டு வலப்பக்கம் சுழலும்போது அதன் எதிர்விசை பீப்பாயை இடப்பக்கம் தள்ளுகிறது, அதனால்தான் திரும்புகிறது என்று ஒரு கோட்பாடு கண்டான். காகிதத்தில் படம் போட்டு சிவபாலனுக்கு விளக்கினான். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தார்.

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்," என்றார். "நீர் படிச்ச ஆள்."

சரி, இன்னும் கனமானது, இன்னும் விலை கூடியது, இன்னும் வலுவான மோட்டார் உள்ளது என்று இரண்டாவது ஃபீடரை வரவழைத்தான். வலுவான மோட்டார் என்ன செய்யும்? வலுவாக எறியும். முன்பு மிளகாய்ச் செடியோடு நின்ற சோளம் இப்போது சிவபாலனின் படுக்கையறை ஜன்னலில் போய் ஆலங்கட்டி மழையாகப் பொழிந்தது.

"நான் உமக்கு என்ன குற்றம் செய்தனான்?" என்று தொப்பி கேட்டது. "ஒரு மனுசன் நித்திரை கொள்ள வேண்டாமோ? நான் கவுன்சிலுக்கு எழுதிப் போடுவன்!"

"மன்னிச்சிடுங்க அங்கிள், இதோ வர்றேன்."

"வாரும். இடியப்பம் ஆறப்போகுது."

சோளம் விழுகிற செய்தி அதற்குள் வெள்ளைக் கொண்டைக் கிளிகளின் காதுக்கும் எட்டிவிட்டது. ஒன்றிரண்டாக வந்தவை கூட்டமாக வரத் தொடங்கின. சிவபாலனின் கூரையில் வரிசையாக உட்கார்ந்து, காட்டுக் கத்தல் கத்தி, மழைத் தண்ணீர் வடியும் பீலியைக் கொத்திப் பார்த்தன. அதையும் அவர் சுதர்சன் கணக்கில்தான் எழுதினார்.

"இண்டைக்குக் காலமை இருபது பேர் வந்தவை தம்பி. நேற்று இவ்வளவு பேர் இல்லை." கோபமாகத்தான் சொன்னார். ஆனால் 'பேர்' என்று சொன்னதைச் சுதர்சன் கவனித்தான்.

மூன்றாவது ஃபீடர் வந்தபோது சிவபாலனே ஒரு யோசனை சொன்னார்.

"நடுக் கொல்லையில வைச்சா காத்து அடிக்கும். வேலிக்குக் கிட்ட வையும். வேலி காத்தை மறைக்கும்."

நியாயமாகப் பட்டது. வேலியோரம் நகர்த்தினான். நிலைமை இன்னும் மோசமாயிற்று. முன்பு வாரத்தில் ஓரிரு நாளாவது பாதித் திருப்பத்தில் நின்ற எந்திரம், இப்போது தினமும் முழுசாகத் திரும்பி அவர் வீட்டையே குறி வைத்தது.

இதில் மர்மம் என்னவென்றால், மாலையில் பொத்தானை அழுத்திச் சோதித்தால் மூன்று ஃபீடரும் தங்கமாக வேலை செய்தன. சோளம் அச்சுப் பிசகாமல் தார்ப்பாயின் நடுவில் விழுந்தது. ஒரு நாள் விடியற்காலையிலேயே எழுந்து சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு ஜன்னலிலேயே காவல் நின்றான். அன்றைக்கும் தங்கம். பார்த்தால் ஒழுங்கு, பார்க்காவிட்டால் ஒழுங்கீனம். இப்படி ஒரு பழுதை அவன் தன் உத்தியோகத்தில் ஒன்றிரண்டு முறை கண்டிருக்கிறான். அது வந்துவிட்டால் மனிதனுக்கு முடி கொட்டும்.

அலுவலகத்தில் கிரெய்க் தினமும் கேட்டார். "என்ன சட், மான்கள் பசியோடு காத்திருக்கின்றன."

"இன்னும் ஒரே ஒரு சின்னப் பிரச்சினை," என்பான் சுதர்சன். அவர் சிரிப்பார். முதலில் வாய் நிறையச் சிரித்தவர் வரவரப் பாதி வாயால் சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை பொறுக்கி முடித்துத் தேநீர் குடிக்கும்போது சிவபாலன் கேட்டார். "நீர் சைவமெண்டு சொன்னனீர். மான் சுடப் போறீரோ?"

"நான் சுட மாட்டேன் அங்கிள். சோளம் மட்டும்தான்."

"கூப்பிட்டுச் சோறு போட்டுட்டு மற்றவனைக் கொண்டு சுடுவிக்கிறது. அது பாவமில்லையோ?"

"பாவம்தான் அங்கிள்." சுதர்சன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆனா அவங்க என்னைக் கூப்பிட்டாங்க. இந்த ஆறு வருஷத்துல யாரும் என்னை எங்கேயும் வான்னு கூப்பிட்டதில்ல. லஞ்சுக்குக்கூட இல்ல. இந்த மெஷின் சரியாயிட்டா நானும் அவங்க கூட வண்டியில போவேன். ராத்திரி நெருப்பு மூட்டி உட்காருவாங்களாம். அதுக்காகத்தான் இவ்வளவும்."

சிவபாலன் எழுந்து, கேட்காமலே இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினார்.

மறுநாள் காலை தார்ப்பாய் நிறையச் சோளம்!

சுதர்சனால் நம்பவே முடியவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். சோளம் குவியலாக, கச்சிதமாக, மலைப் பக்கமாகவே விழுந்தது. அவன் குதித்துக்கொண்டு அலுவலகம் போய் கிரெய்க்கிடம் சொன்னான். "சரியாகிவிட்டது! மூன்றாவது ஃபீடர்தான் மாணிக்கம்!"

"அப்படிப் போடு! வியாழக்கிழமை வேலைக்கு வருகிற வழியில் டேவும் நானும் வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறோம்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலைகளில் அவன் சமையலறையில் நின்றபடி தனியாகக் காபி குடித்தான். பக்கத்து வீட்டில் போய் நிற்க ஒரு காரணமும் இல்லை. ஐஸ்கிரீம் டப்பா இவன் வீட்டில் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது. வேலிக்கு மேலே தொப்பி எழவில்லை. வேட்டைப் பயணத்துக்கென்று பச்சையும் பழுப்புமாக இலை போட்ட சட்டை ஒன்று வாங்கியிருந்தான். அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது, ஒரு புதர் கவலையோடு நிற்பது போலிருந்தது.

வியாழக்கிழமை. விருந்தாளிகளுக்கென்று விடியற்காலையிலேயே எழுந்து, சமையலறை ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போண்டா சுட்டான். கிரெய்க்கும் டேவும் வாசலில் வந்து நின்றார்கள். ஆளுக்கொரு போண்டாவைக் கையில் கொடுத்துக் கொல்லைக்கு அழைத்துப் போகவும் மணி ஏழு அடிக்கவும் சரியாக இருந்தது.

'விர்ர்ர்.'

மூன்று பேரும் நின்று பார்த்தார்கள். சோளம் அழகான வளைவாக எழும்பி, இளவெயிலில் பொன்னாக மின்னி, தார்ப்பாய்க்கு நேர் எதிர்ப்பக்கமாக வேலியைத் தாண்டிப் போயிற்று. அந்தப் பக்கம் கிளிகள் ஆரவாரம் செய்தன. கம்பளித் தொப்பி எழுந்தது.

"தம்பி! திரும்பவும் வந்திட்டுது!" என்றவர் மற்ற இருவரையும் கண்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "குட்மோர்னிங்."

டேவ் போண்டா தொண்டையில் சிக்கச் சிரித்தார். கிரெய்க் சுதர்சனின் தோளில் தட்டினார். "கவலைப்படாதே மேட்," என்று மட்டும் சொன்னார். ஃபீடரை எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் டேவ் போகிற போக்கில் ஒரு கடையில் நுழைந்து அலமாரியிலிருந்து ஏதோ ஒரு ஃபீடரை எடுத்து வந்தார். ஐந்து நிமிடக் காரியம். நன்றாகவே ஓடியது. சாயங்காலம் கிரெய்க் சுதர்சனின் மேசைக்கு வந்து ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார்.

"வண்டியில் இடம் கொஞ்சம் நெருக்கடி, சட். டேவின் மச்சான் வருகிறான். அடுத்த வருடம் பார்ப்போம், சரியா?"

"நோ வொரீஸ்," என்றான் சுதர்சன்.

வீட்டுக்கு வரும் ரயிலில் அவன் அழவில்லை. ஜன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக வெரிபீ வரும்வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தான். தான் ஒரு ஃபீடர் தேர்ந்தெடுக்கக்கூட லாயக்கில்லாதவன் என்று தோன்றியது. நம்பகமான பொருள் எது என்று கண்டுபிடிக்கத்தான் சம்பளம் வாங்குகிறான். அந்த ஒன்றைத்தான் அவர்கள் அவனிடம் கேட்டார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை. தெருவே ஓய்ந்து கிடந்தது. முந்தின நாள் இரவே மூன்று ஃபீடர்களையும் கழற்றித் துடைத்துப் பெட்டிகளில் போட்டுவிட்டான். தார்ப்பாயையும் மடித்துவிட்டான். ஏழு மணி வந்தது, போனது. விர்ரும் இல்லை, விழவும் இல்லை. கிளிகள் வந்து பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போயின. அவன் கூடத்துத் தரையில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒட்டும் நாடாவைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

வாசல் மணி அடித்தது. அந்த வீட்டில் அந்த மணி அடித்து எவ்வளவோ நாளாகிறது. அது தன் வீட்டு மணிதானா என்றே அவனுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது.

சிவபாலன் நின்றிருந்தார். இதுநாள்வரை அவர் வாசல்வழியாக வந்ததில்லை. இடுப்பில் கட்டிய சாரமும் ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியுமாக, கையில் கைபேசியோடு, நியாயம் கேட்க வந்தவர் மாதிரி நின்றார்.

"ஏன் இண்டைக்குச் சோளம் வரேல்ல?"

"இனிமே வராது அங்கிள். உள்ள வாங்க."

அவர் வந்து பெட்டிகளைப் பார்த்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"உதென்ன?"

"திருப்பி அனுப்பப் போறேன். அவங்க வேற ஒண்ணு வாங்கிட்டாங்க. நேத்து சாயங்காலமே கிளம்பிட்டாங்க. நான் போகல." குரல் சரியாகத்தான் வந்தது. கடைசி வார்த்தையில் மட்டும் கொஞ்சம் தடுக்கியது. "உங்களுக்கும் தினமும் தொந்தரவு. இனிமே நிம்மதியா தூங்குங்க."

சிவபாலனின் முகம் இருந்த இருப்பைப் பார்த்தால் நிம்மதி கிடைத்த மனிதன் மாதிரி தெரியவில்லை. தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"போகேல்லையோ?" என்றார் மெல்ல. "நான் நினைச்சன்... நாலு நாள் நல்லா ஓடினதுதானே... அவை எப்பிடியும் கூட்டிக்கொண்டு போவினம் எண்டு..."

"அந்த நாலு நாள்தான் அங்கிள் என்னை ஏமாத்திடுச்சு."

"ஒரு நாள்தானே தம்பி பிழைச்சது... நேற்று மட்டும்... மனசு கேக்கேல்ல..." அவர் எதையோ சொல்ல வந்து விழுங்கினார். "இன்னொருக்கா வைச்சுப் பார்ப்பமே. காத்துதான். வேலிக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வைச்சா..."

"வேண்டாம் அங்கிள். கம்பெனிக்கு எழுதப் போறேன். மூணு கம்பெனிக்கும்."

"ஐயோ, அவங்கள் பாவம்! அவங்கள் என்ன செய்தவங்கள்?"

"என்ன செஞ்சாங்களா? பழுதான சாமானை வித்தாங்க!" சுதர்சனுக்கு இத்தனை நாள் அடக்கிய கோபம் இப்போதுதான் வழி கண்டது. சிவபாலனிடம் காட்ட மனமில்லாமல், அவர் கையிலிருந்த கைபேசியைப் பார்த்து முறையிட்டான். அங்கே வழக்கம்போல் வென்ட்வேர்த்வில் கூரையும் நெற்றியும் தெரிந்தன. "நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி. மூணு மெஷின், மூணு வேற வேற கம்பெனி, மூணுலயும் ஒரே பழுது! சாயங்காலம் நல்லா இருக்கு, காலையில மட்டும் திரும்பிக்குது. இப்படி ஒரு அநியாயம் உண்டா?"

சிவபாலன் அவசரமாகக் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போடப் பார்த்தார். சாரத்துக்கு மேலே ஸ்வெட்டர், ஸ்வெட்டரில் பை இல்லை.

நெற்றி கீழே இறங்கியது. முதல் முறையாகத் தவநாயகியின் முழு முகமும் திரையில் தெரிந்தது.

"மெசினில ஒரு பழுதும் இல்லைத் தம்பி. முதல் நாள் மட்டும்தான் காத்து. பிறகெல்லாம் விடியக் காலமை என்னை வேலியில சாத்தி வைச்சிட்டு, கொக்கத்தடியால எட்டி உம்மட மெசினை இஞ்சால திருப்பினது இந்த மனுசன்தான், ஏனப்பா உந்த வேலை எண்டு நான் கேட்டா, 'சோளம் விழுந்தாத்தானே பொடியன் வருவான்' எண்டு சொல்லுறார்."